எண் உயர்ந்தும் காட்சி திக்குவது ஏன்?



கணிப்பொறியில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுகிறவர்களிடம் ஒரு புகாரை அடிக்கடி கேட்கலாம். திரையின் மூலையில் 150 என்ற எண் தெரிகிறது. வினாடிக்கு 150 படங்கள் ஓடுகின்றன என்பது அதன் பொருள். திரையரங்கில் நாம் பார்க்கும் சினிமாவிலோ வினாடிக்கு 24 படங்கள்தான். அப்படியிருந்தும், எதிரி சுவரின் மறைவிலிருந்து வெளிப்படும் நேரம் பார்த்துக் காட்சி ஒரு கணம் நின்று, பிறகு தாவி ஓடுகிறது. அதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

“கிராபிக்ஸ் கார்டை மாற்று, சரியாகிவிடும்” என்று யாராவது சொல்வார்கள். அதன் விலையோ பல ஆயிரம் ரூபாய். நம்மில் பலருடைய வீட்டில் அது ஒரு மாத வருமானம். அவ்வளவு பணத்தைப் போட்டு வாங்கிய பிறகும் திக்கல் அப்படியே இருந்தால்? அப்படி நேர்வதும் உண்டு. ஏனென்றால் நோய் வேறு இடத்தில் இருக்கிறது. பணத்தை எடுப்பதற்கு முன் பென்சிலையும் தாளையும் எடுப்பது நல்லது. எப்படி என்று இந்தக் கட்டுரையில் காண்போம்.

படங்கள் சேர்ந்தால் அசைவு

திரையில் நாம் காண்பது உண்மையான அசைவு அன்று. சற்றே வேறுபட்ட நிலையான படங்கள் அடுத்தடுத்து வருகின்றன. கண்ணும் மூளையும் அவற்றை இணைத்து அசைவாக்கிக் கொள்கின்றன. இப்படி வரும் ஒவ்வொரு படத்துக்கும் ‘பிரேம்’ என்று பெயர்.

பிரேம்கள் பல இருந்தால் மட்டும் போதாது. அவை சீராகவும் வரவேண்டும். நம் பகுதிக்காரர்கள் இதைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார்கள். வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார் 1910களின் இறுதியில் ‘கீசகவதம்’ என்ற மௌனப்படத்தை எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அது. அக்காலத்து காமிராக்களைக் கையால் சுற்றுவார்கள். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் 8 பிரேம் பதிவாகும். வினாடிக்கு இரண்டு சுற்று என்றால் 16 பிரேம். கை சற்றுத் தளர்ந்தாலும் வேகம் கூடினாலும் படத்தில் மனிதர்கள் இயல்பாக நடக்க மாட்டார்கள். எனவே ஒளிப்பதிவாளரின் முதல் பயிற்சி, கை ஒரே தாளத்தில் சுற்றுவது. வேகம் இரண்டாம் பட்சம், தாளமே முதன்மை.

கணிப்பொறியில் கைப்பிடி இல்லை. ஒவ்வொரு பிரேமையும் அந்தந்த நேரத்தில் புதிதாகக் கணக்கிட்டு வரைய வேண்டும். ஒரு பிரேம் எளிதாக அமையும். அடுத்தது கடினமாக அமையும். ஆகவே அங்கே தாளம் தவறுவதற்கு வாய்ப்பு அதிகம்.

கிரிவலப் பாதையில் ஒரு கணக்கு

திருவண்ணாமலையில் அண்ணாமலையைச் சுற்றியுள்ள கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். இருவர் அதை மூன்றரை மணி நேரத்தில் சுற்றி வந்தார்கள் என்று கொள்வோம். இருவரின் சராசரி வேகமும் மணிக்கு 4 கிலோமீட்டர். ஆனால் ஒருவர் ஒரே சீராக நடந்தார். மற்றவர் பாதி வழி ஓட்டமும் நடையுமாக வந்து, ஓரிடத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுபடி வேகமாக நடந்தார். முடிவில் வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் பார்த்தால் இருவருக்கும் வேறுபாடு தெரியாது.

வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? பாதையில் இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு நண்பரைக் கடிகாரத்துடன் நிறுத்தினால் போதும். இடைப்பட்ட நேரங்களைக் குறித்து ஒப்பிட்டால், உட்கார்ந்தவர் உடனே அகப்பட்டுக் கொள்வார்.

திரையின் மூலையில் தெரியும் 150 என்ற எண் வந்து சேர்ந்த நேரத்தைப் போன்றது. அது சராசரி. நமக்குத் தேவை, ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையே கழிந்த நேரம். இதைப் ‘பிரேம் நேரம்’ என்போம். ஒரு வினாடியை ஆயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு மில்லி வினாடி. பிரேம் நேரத்தை அந்த அளவால்தான் குறிக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போமா?

முதல் கணிப்பொறி: ஒரு வினாடியில் 150 பிரேம்கள். ஒவ்வொன்றும் 6.67 மில்லி வினாடி. மூலையில் தெரியும் எண் 150.

இரண்டாம் கணிப்பொறி: 149 பிரேம்கள், ஒவ்வொன்றும் 6 மில்லி வினாடி. மொத்தம் 894. ஒரே ஒரு பிரேம் மட்டும் 106 மில்லி வினாடி. கூட்டினால் 1000 மில்லி வினாடி, அதாவது ஒரு வினாடி. மூலையில் தெரியும் எண் இங்கும் 150!

இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். ஆனால் இரண்டாவதில் வினாடிக்கு ஒரு முறை காட்சி நின்று தாவும். எதிரி வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடினால், அந்த 106 மில்லி வினாடியில் அவன் 53 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பான். நீங்கள் குறிவைத்த இடத்தில் அவன் தலை இராது.

இன்னும் ஒன்று. 150 பிரேம்களில் ஒன்றுதானே கெட்டது, நூற்றுக்கு ஒன்றுகூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால் நாம் வாழ்வது பிரேம்களின் எண்ணிக்கையில் அன்று, நேரத்தில். 1000 மில்லி வினாடியில் 106 அந்த ஒரு பிரேமுக்கே போய்விடுகிறது. ஆகவே ஏதோ ஒரு கணத்தில் நீங்கள் சுட்டால், அக்கணம் திக்கலுக்குள் விழும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கும் மேல்! “சரியாகச் சுடும்போதுதான் திக்குகிறது” என்று ஆடுபவர்கள் புலம்புவதில் உண்மை இல்லாமல் இல்லை.

அளவுகோல் மாறிய கதை

நெடுங்காலம் கிராபிக்ஸ் கார்டுகளைச் சராசரி எண்ணை வைத்தே மதிப்பிட்டு வந்தார்கள். 2011 செப்டம்பரில் அமெரிக்காவின் ‘தி டெக் ரிப்போர்ட்’ என்ற வெளியீட்டில் ஸ்காட் வாசன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு வினாடிக்குள்ளே என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு பிரேமின் நேரத்தையும் அளந்து, வரைபடமாகக் காட்டினார். இரண்டு கார்டுகளை இணைத்து ஓட்டிய கணிப்பொறிகளில் சராசரி எண் மிக உயர்வாக இருந்தது. ஆனால் பிரேம்கள் ஒன்று விரைவாக, அடுத்தது தாமதமாக, மறுபடி விரைவாக என்று நொண்டி நொண்டி வருவது வரைபடத்தில் தெரிந்தது. கண் அதுவரை சொல்லி வந்ததை இப்போது எண்ணும் சொல்லியது.

அளவுகோல் மாறியதும் கார்டு செய்பவர்களும் மாறினார்கள். 2013இல் என்விடியா நிறுவனம் பிரேம்கள் திரைக்கு வந்து சேரும் ஒழுங்கை அளக்க ஒரு கருவியை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏ.எம்.டி. நிறுவனம் இரட்டைக் கார்டுகளில் பிரேம்களைச் சீராக இடைவெளி விட்டு அனுப்பும் மென்பொருளைத் தந்தது. அளக்காத குறை திருந்துவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

இன்று ‘1 சதவீதத் தாழ்வு’ என்று ஓர் எண்ணையும் சேர்த்துச் சொல்கிறார்கள். 1000 பிரேம்களின் நேரங்களை வரிசைப்படுத்தி, மிக மெதுவான பத்தின் சராசரியை மட்டும் எடுத்து, அதை வினாடிக்கு இத்தனை பிரேம் என்று மாற்றுவது ஒரு முறை. 990 பிரேம்கள் 6 மில்லி வினாடி, 10 பிரேம்கள் 106 மில்லி வினாடி என்றால், மொத்த நேரம் 7000 மில்லி வினாடி. சராசரி எண் 143. ஆனால் 1 சதவீதத் தாழ்வோ 9 தான்! இவ்விரண்டு எண்களுக்கும் இடையே பள்ளம் பெரிதாக இருந்தால் திக்கல் உண்டு என்று அறியலாம்.

பரோட்டாக் கடையும் கணிப்பொறியும்

ஒரு பிரேம் எப்படி உருவாகிறது? பரோட்டாக் கடையை நினைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் மாவை உருட்டி வீசித் தருகிறார். இன்னொருவர் கல்லில் போட்டுச் சுடுகிறார். கணிப்பொறியில் மாவு வீசுபவர் மையச் செயலி, அதாவது சி.பி.யூ. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, எதை வரைய வேண்டும் என்று கணக்கிட்டுத் தருவது அதன் வேலை. கல்லில் சுடுபவர் கிராபிக்ஸ் கார்டு. கணக்கை வாங்கிப் படமாக வரைந்து திரைக்கு அனுப்புவது அதன் வேலை.

மாவு வீசுபவர், மாவு தீர்ந்து போய்க் கிடங்குக்கு மூட்டை எடுக்கப் போய்விட்டால் என்ன ஆகும்? கல் காய்ந்து கொண்டிருக்கும், பரோட்டா வராது. அப்போது இன்னும் பெரிய கல் வாங்கிப் போட்டால் பயன் உண்டா? இல்லை. திக்கலுக்குக் கிராபிக்ஸ் கார்டை மாற்றுவது பல நேரங்களில் இந்தப் பெரிய கல் கதைதான்.

ஐந்து கேள்விகள்

மருத்துவர் மருந்து எழுதுமுன் “எப்போதிலிருந்து வலி? சாப்பிட்ட பிறகா, முன்பா?” என்று கேட்பார் அல்லவா? நாமும் ஐந்து கேள்விகள் கேட்போம்.

1. முழுக் காட்சியும் திக்குகிறதா, மற்ற ஆட்டக்காரர்கள் மட்டும் தாவுகிறார்களா?

உங்கள் கையில் உள்ள துப்பாக்கியும் சுவரும் சீராக அசைய, எதிரிகள் மட்டும் இங்கிருந்து அங்கே தாவினால், குற்றம் கணிப்பொறியில் இல்லை; இணைய இணைப்பில் இருக்கிறது. ‘வாலரண்ட்’ போன்ற ஆட்டங்களுக்கு மும்பையில் சர்வர் கணிப்பொறிகள் உள்ளன. திருவண்ணாமலையிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். போய் வர 10 மில்லி வினாடி. இழைகள் நேர்கோட்டில் செல்வதில்லை. வழியில் பல சந்திப்புகளும் உண்டு. எனவே உண்மையில் இதைப் போலப் பல மடங்கு ஆகும். அது எப்போதும் ஒரே அளவாக இருந்தால் ஆட்டம் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்து கொள்ளும். ஒரு முறை 40, அடுத்த முறை 140 என்று ஏறி இறங்கினால்தான் தொல்லை. இங்கும் சராசரியைவிடச் சீர்மையே முக்கியம் என்பதைக் கவனியுங்கள்.

சோதனை: இணையம் இல்லாமல், கணிப்பொறியே எதிரிகளை இயக்கும் பயிற்சி ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். திக்கல் மறைந்தால் இணைப்பே காரணம். வைஃபையை விட்டுக் கம்பி வழியாக இணைத்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

2. முதல் முறை மட்டும் திக்குகிறதா, ஒவ்வொரு முறையுமா?

ஒரு வெடிகுண்டு முதல் தடவை வெடிக்கும்போது திக்கி, இரண்டாம் தடவை திக்காவிட்டால், அது ‘ஷேடர்’ தொல்லையாக இருக்கலாம். ஒளி, நிழல், புகை, நீர் ஆகியவற்றை எப்படித் தீட்ட வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்களே ஷேடர்கள். கார்டுக்குக் கார்டு மொழி வேறு. ஆதலால் உங்கள் கார்டுக்குப் புரியும்படி அவற்றை உங்கள் கணிப்பொறியில்தான் மொழிபெயர்க்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் அந்த வேலை வந்தால் அந்த ஒரு பிரேம் காத்திருக்கும். மொழிபெயர்ப்பு ஒரு முறை முடிந்தால் சேமித்து வைக்கப்படும். அடுத்த முறை தொல்லை இராது.

சில ஆட்டங்கள் தொடக்கத்தில் “ஷேடர்கள் தயாராகின்றன” என்று சில நிமிடம் காத்திருக்கச் சொல்லும். பொறுமை இழந்து அதைத் தாண்டிப் போகாதீர்கள். கார்டின் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தால் பழைய மொழிபெயர்ப்பு செல்லாது. மறுபடி முதலிலிருந்து நடக்கும். நேற்றுவரை நன்றாக ஓடியது இன்று திக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் திக்கினால் சேமிப்புத் தட்டைப் பாருங்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 முறை சுழலும். வினாடிக்கு 120 முறை. ஒரு சுழற்சிக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய பகுதி ஊசியின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுழற்சி, அதாவது 4 மில்லி வினாடிக்குச் சற்று அதிகம். ஊசி நகரும் நேரம் ஏறத்தாழ 9. ஆக ஒரு முறை தேட 13 மில்லி வினாடி. சிதறிக் கிடக்கும் பத்துத் துண்டுகளைத் தேட 130! நகரும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி.யில் ஒரு தேடல் சுமார் 0.1 மில்லி வினாடி. மாவுக் கிடங்கு ஊர்க்கோடியில் இருந்து கடையின் பின்கட்டுக்கு வந்துவிட்டது போல. நினைவகம் பற்றாதபோதும் இதே கதைதான். இடம் இல்லாததால் கணிப்பொறி பொருள்களைத் தட்டுக்கும் நினைவகத்துக்குமாக மாற்றி மாற்றிச் சுமக்கும். பின்னால் திறந்து கிடக்கும் பிரௌசரை மூடினாலே பலருக்குப் பாதி நோய் தீரும். கார்டின் சொந்த நினைவகம் நிரம்பினால், ‘டெக்ஸ்சர்’ தரத்தை ஒரு படி குறைத்தால் போதும்.

3. தொடக்கத்திலிருந்தே திக்குகிறதா, கால் மணி நேரம் கழித்தா?

கால் மணி கழித்துத் தொடங்கினால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். செயலி சுமார் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், கருகிப் போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். சற்று ஆறியதும் கூட்டும், மறுபடி குறைக்கும். பிரேம் நேரமும் அப்படியே ஏறி இறங்கும்.

இங்கே ஓர் எளிய பௌதிகம் உள்ளது. ஒரே அளவு வேலை செய்யும் செயலி, அறையின் வெப்பத்தைவிட ஏறத்தாழ ஒரே அளவு உயர்ந்து நிற்கும். அந்த உயர்வு 60 டிகிரி என்று கொள்வோம். மார்கழியில் அறை 25 டிகிரி என்றால் செயலி 85. அக்னி நட்சத்திரத்தில் அறை 40 டிகிரி என்றால் செயலி 100! கணிப்பொறியும் அதேதான், ஆட்டமும் அதேதான், மாறியது வெயில். குளிர்நாட்டு அறையில் சோதித்துச் சொன்ன எண்கள் நம் சித்திரை மாதத்துக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

சோதனை: வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளைத் திறந்து வைத்து ஆடுங்கள். மருந்து: கணிப்பொறியை அணைத்து, மின்தொடர்பை எடுத்துவிட்டு, விசிறியிலும் தகடுகளிலும் அடைந்த புழுதியை மென்மையான தூரிகையால் நீக்குங்கள். மடிக்கணினியை மெத்தைமேல் வைக்காதீர்கள். அடியில் காற்று புக வேண்டும். மின்தடை நேரத்தில் மடிக்கணினி பேட்டரியில் ஓடும்போது சிக்கனத்துக்காக வேகத்தைக் குறைக்கும். அப்போது திக்கினால் அது நோய் அன்று.

4. திக்கல் ஒழுங்கான இடைவெளியில் வருகிறதா?

சரியாக ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை, பத்து வினாடிக்கு ஒரு முறை என்று வந்தால், பின்னணியில் ஏதோ ஒரு மென்பொருள் கடிகாரம் வைத்து வேலை செய்கிறது. வைரஸ் தடுப்புச் சோதனை, தானியங்கிப் புதுப்பிப்பு, திரையைப் பதிவு செய்யும் மென்பொருள், விளக்குகளை மின்ன வைக்கும் மென்பொருள் ஆகியவை வழக்கமான சந்தேகத்துக்கு உரியவை. ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். சுட்டெலியை அசைக்கும்போது மட்டும் திக்கினால், அது வினாடிக்கு எத்தனை முறை செய்தி அனுப்புகிறது என்று பாருங்கள். சில புதிய சுட்டெலிகள் 8000 முறை அனுப்பும். ஒவ்வொரு செய்திக்கும் செயலி தலை நிமிர்ந்து பதில் சொல்ல வேண்டும். 1000ஆகக் குறைத்தால் பல கணிப்பொறிகளில் குணம் தெரியும்.

5. நிற்பதில்லை, ஆனால் எப்போதும் ஒரு நடுக்கம் இருக்கிறதா?

இது கணிப்பொறியும் மானிட்டரும் தாளம் ஒத்துப் போகாத நோய். சாதாரண மானிட்டர் வினாடிக்கு 60 முறை படத்தை மாற்றும். இதை 60 ஹெர்ட்ஸ் என்பார்கள். கணிப்பொறி சீராக 90 பிரேம் தருகிறது, மானிட்டர் ஒவ்வொரு முறையும் கடைசியாக முடிந்த பிரேமை எடுத்துக் கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாற்றங்களுக்குள் மூன்று பிரேம்கள் வந்துவிடுகின்றன. ஒன்று வீணாகும். ஒருமுறை காட்சி ஒரு பிரேம் தூரம் நகரும். அடுத்த முறை இரண்டு பிரேம் தூரம். பிறகு ஒன்று, பிறகு இரண்டு. சீராகத் திரும்பும் சுவர் நடுங்குவதுபோல் தெரியும். 90 என்பது 60ஐவிடப் பெரிய எண். ஆனாலும் சீரான 60 இதைவிடக் கண்ணுக்கு இதமானது!

மருந்து: ஆட்டத்தின் அமைப்பில் பிரேம் எண்ணிக்கைக்கு மானிட்டருக்கு ஏற்ற உச்சவரம்பு வையுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள், விண்டோஸ் அமைப்பில் அது இன்னும் 60இலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்; இந்த மறதி அபூர்வம் அன்று. பிரேம் வரும்வரை மானிட்டரே காத்திருக்கும் ஏற்பாடும் உண்டு. என்விடியா ‘ஜி-சிங்க்’ என்ற பெயரில் 2013இல் இதை அறிவித்தது. ஏ.எம்.டி.யின் ‘ஃப்ரீசிங்க்’ மானிட்டர்கள் 2015இல் வந்தன. ஆனால் 106 மில்லி வினாடி தாமதத்தை எந்த மானிட்டராலும் மறைக்க முடியாது.

உச்சவரம்பில் இன்னொரு நன்மையும் உண்டு. செயலியும் கார்டும் எப்போதும் முழு மூச்சில் உழைத்தால், எதிர்பாராத வேலை வரும்போது ஈடுகொடுக்கச் சக்தி மிச்சம் இராது. சற்றுக் குறைவாக ஓடவிட்டால், அந்த மிச்சம் திடீர் வேலையைத் தாங்கிக் கொள்ளும், சூடும் குறையும்.

ஒரு விதி

எல்லாவற்றிலும் முக்கியமான விதி இது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்து திக்கல் நின்றுவிட்டால், எது மருந்து என்று உங்களுக்குத் தெரியாது. மறுபடி வந்தால் மறுபடி இருட்டில் தேட வேண்டும்.

அதே ஆட்டம், அதே வரைபடம், அதே பாதை. மாற்றத்துக்கு முன் மூன்று முறை, பின் மூன்று முறை ஓட்டுங்கள். பிரேம் நேரத்தைக் கோடாக வரைந்து காட்டும் ‘ஆஃப்டர்பர்னர்’, ‘பிரசன்ட்மான்’ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கோடு சமமாக ஓடினால் நலம். முள்போல் குத்திட்டு எழுந்தால் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று குறித்துக் கொள்ளுங்கள். ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போதும்: நாள், மாற்றியது என்ன, சராசரி எண், மிக நீண்ட பிரேம் நேரம். ஆய்வகத்தில் விஞ்ஞானி செய்வதும் இதுதான்.

இவ்வளவும் செய்து பார்த்து, கார்டு ஒன்றுதான் ஓயாமல் முழுச் சுமையில் திணறுகிறது என்று எண்கள் சொன்னால், அப்போது புதிய கார்டு வாங்குவது நியாயமான செலவு.

செய்து பாருங்கள்

கணிப்பொறி இல்லாதவர்களும் இந்தச் சோதனையைச் செய்யலாம். உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்று, ஒரே ஊருக்குச் செல்லும் பேருந்துகள் வரும் நேரத்தைக் குறியுங்கள். ஆறு பேருந்துகள் வந்தால் சராசரி இடைவெளி பத்து நிமிடம். ஆனால் மூன்று பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பிறகு அரை மணி நேரம் ஒன்றும் வராமல் இருக்கலாம். அங்கே நிற்பவர்களிடம் கேளுங்கள்; அவர்களில் பெரும்பாலோர் அந்த அரை மணி இடைவெளியில் வந்து மாட்டிக் கொண்டவர்களாகவே இருப்பார்கள். 106 மில்லி வினாடிக் கணக்கு இங்கே பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது!

சராசரி மறைப்பது

விளையாட்டில் திக்கினால் ஓர் ஆட்டம்தான் போகும். சராசரியை மட்டும் நம்புவதால் வேறு இடங்களில் போவது அதைவிடப் பெரிது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1 அன்று, கொட்டிய மழையில் அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து அடிவாரத்து வீட்டின்மேல் விழுந்தன. குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். ஆண்டின் சராசரி மழையளவைப் பார்ப்பவருக்கு அந்த ஒரு நாள் தெரியாது. ஆகவேதான் பாலமும் வடிகாலும் கட்டும் பொறியாளர்கள் சராசரி மழையைக் கேட்பதில்லை. ஒரு மணியில், ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு பெய்யும் என்று கேட்கிறார்கள்.

யாராவது உங்களிடம் ஒரு சராசரியைச் சொன்னால், “மிக மோசமானது எவ்வளவு? அது எப்போது வந்தது?” என்று கேட்கப் பழகுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு வினாடியில் 120 பிரேம்கள். அவற்றில் 118 பிரேம்கள் தலா 7 மில்லி வினாடி. மீதி இரண்டும் சம நேரம் எடுத்தன. ஒவ்வொன்றும் எவ்வளவு? ஏதோ ஒரு கணத்தில் சுட்டால் அது இந்த இரண்டில் ஒன்றுக்குள் விழும் வாய்ப்பு என்ன?

2. செயலியின் வெப்ப உயர்வு 58 டிகிரி. அறை வெப்பம் 38 டிகிரி. செயலி 95 டிகிரியில் வேகத்தைக் குறைக்கும். திக்கல் வருமா? புழுதியை நீக்கியதும் உயர்வு 50 டிகிரியாகக் குறைந்தால்?

3. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் சீராக 45 பிரேம் வந்தால், ஒவ்வொரு பிரேமும் எத்தனை மானிட்டர் மாற்றங்களுக்கு நிற்கும்?

விடைகள்

1. 118 × 7 = 826; மீதி 174; ஒவ்வொன்றும் 87 மில்லி வினாடி. வாய்ப்பு 17.4 சதவீதம். 2. 38 + 58 = 96; வரும். 38 + 50 = 88; வராது. 3. நான்கு மாற்றங்களுக்கு மூன்று பிரேம்கள். ஆகவே ஒன்று, ஒன்று, இரண்டு என்ற வரிசையில் நிற்கும். நடுக்கம் தெரியும்.